அளந்து பார்க்காமல் பொடியன் மேல் பழி போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கார் வைத்திருப்பவர்களும் கராஜ் வைத்திருப்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள். கார் இல்லாதவர்களும் வாசியுங்கள். ஏனென்றால் இதில் ஒரு பிள்ளையின் பெயரும் சம்பளமும் இருக்கிறது.

கடந்த வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வொய்ஸ் சுற்றியது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள், சிலர் மற்றவர்களுக்கு அனுப்பியும் இருப்பீர்கள். பழைய டட்சன் கார் ஒன்றுக்கு இன்ஜெக்ஷன் பூட்டும்போது கராஜில் வேலைக்கு நின்ற பொடியன் ஈசியுவை எரித்துப் போட்டான், ஒன்றல்ல, இரண்டை எரித்தான், இப்படிப்பட்டவனை நம்பி யாரும் வண்டி கொடுக்காதீர்கள் என்பதுதான் அந்த வொய்ஸ். பெயரும் சொல்லி, யாருடைய மகன் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பொடியன் என்னிடம் படித்தவன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவன். வீட்டு நிலைமையால் உயர்தரம் படிக்காமல் கராஜுக்குப் போனான். இப்போது இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மிச்சக் காசையும் அவன்தான் கட்ட வேண்டுமாம்.

அவனுடைய உம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஸேர், ஒங்களுக்குத் தெரியும்தானே, அவன் அப்படிப்பட்ட புள்ளயா?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. பிள்ளை நல்லவன் என்பதற்காக அவன் இழுத்த வயரும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் அவருக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடக்கிற மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, காரின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, போய்ப் பார்த்தேன்.

பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுத மாட்டேன். கராஜின் பெயரையும் எழுத மாட்டேன். ஒருவரின் பெயரைக் கெடுத்ததற்குப் பதிலாக இன்னொருவரின் பெயரைக் கெடுப்பது எனக்கு வேண்டாம்.

முதலில் காரைப் பற்றி. டட்சன் 1200, 1171 சீசீ, ஏ12 இஞ்சின். காரின் சொந்தக்காரர் காக்காவுக்கு அது அவருடைய வாப்பா விட்டுப்போன வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய காருக்கே என்ன விலை வந்தது என்று நமக்குத் தெரியும். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோம், பிறகு கியூஆர் காட்டி அளந்து வாங்கினோம். அந்தக் காலத்தில்தான் அவர், இருக்கிற வண்டியையே திருத்தி, கொஞ்சம் எண்ணெய் மிச்சம் பிடிப்போம் என்று முடிவெடுத்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

செய்த வேலை இதுதான். காபரேட்டரைக் கழற்றி, ஜப்பான் சின்னக் கார் ஒன்றின் த்ரொட்டில் பொடியையும் இன்ஜெக்டர்களையும் பூட்டினார்கள். டேங்குக்குப் பக்கத்தில் பிரஷர் கூடிய பம்ப், சைலன்சர் குழாயில் ஒக்சிஜன் சென்சர், உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே ஈசியு. ஸ்பார்க் மட்டும் பழையபடி: அதே டிஸ்ட்ரிபியூட்டர், அதே பொயின்ட், அதே கொயில்.

பிழை ஆரம்பித்த இடமும் இதுதான். “ஸ்பார்க் பழசுதானே, எண்ணெய் வாற வழிதானே புதுசு, அப்ப இக்னிஷன் வயரிங்கில கை வைக்கத் தேவல்ல” என்று மூத்த பாஸ் சொல்லியிருக்கிறார். திறப்பைப் போட்டதும் ஈசியு உயிர் பெறுவதற்கு ஒரு வயர் வேண்டும். அந்த வயரைக் கொயிலின் பிளஸ்ஸில் இருந்து எடுக்கும்படி பொடியனுக்குச் சொன்னவரும் அவர்தான். பொடியன் அப்படியே எடுத்தான்.

வந்த கோளாறு என்ன? திறப்பை முறுக்கினால் இஞ்சின் உடனே பிடிக்கிறது. திறப்பை விட்டதும் செத்துப்போகிறது. மறுபடி முறுக்கினால் மறுபடி பிடிக்கிறது. விட்டால் மறுபடி செத்துப்போகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

தீர்ப்பு: ஈசியு போய்விட்டது. காக்கா காசு கொடுத்து இன்னொன்று எடுத்தார். அதைப் பூட்டினார்கள். அதே கோளாறு, அதே இடத்தில். தீர்ப்பு: பொடியன் இதையும் எரித்துவிட்டான்.

இங்கேயே ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வெவ்வேறு வண்டிகளில் இருந்து கழற்றிய இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி எரியுமா? எரிந்துபோன பெட்டி ஒன்று, திறப்பை முறுக்கிப் பிடித்திருக்கும் அந்த இரண்டு செக்கனுக்கு மட்டும் உயிரோடு இருக்குமா? ஸ்டார்ட் ஆகும்போது அந்தப் பெட்டிதானே எண்ணெய் விட்டது? பெட்டியை மாற்றியும் கோளாறு மாறவில்லை என்றால் கோளாறு பெட்டியில் இல்லை. இதற்கு மீட்டரும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், ஐந்து நிமிடம் யோசித்தால் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் வொய்ஸ் அனுப்ப எல்லோருக்கும் நேரம் இருந்தது.

நான் அளந்தது இப்படி.

மீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டரியின் மைனஸ்ஸில் வைத்தேன். சிவப்பு முனையைக் கொயிலின் பிளஸ்ஸில் வைத்தேன். திறப்பு ஒன், இஞ்சின் ஓடவில்லை. மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. பக்கத்தில் நின்ற பாஸ் சிரித்தார். “பாத்தீங்களா ஸேர், கரண்ட் சரியா வருது. நாங்களும் அளந்துதான் பாத்தோம்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அளந்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்ட் திறந்திருந்தது. பொயின்ட் திறந்திருந்தால் கொயிலுக்குள் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத வயரில் வோல்ட் விழாது. நடுவில் எவ்வளவு தடை இருந்தாலும் மீட்டர் பெட்டரியின் வோல்ட்டை அப்படியே காட்டும்.

பிறகு இஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றி, பொயின்ட் மூடுகிற இடத்துக்குக் கொண்டு வந்தேன். அதே வயர், அதே மீட்டர். 6.1 வோல்ட்.

பாஸ் சிரிப்பதை நிறுத்தினார்.

ஏன் இப்படி? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் திறப்புக்கும் கொயிலுக்கும் நடுவில் ஒரு தடையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் கட்டி மாதிரி இருக்கும், பெயர் பலஸ்ட் ரெசிஸ்டர். சில வண்டிகளில் கட்டி இருக்காது, வயரே தடை வயராக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொயிலும் பொயின்ட்டும் சூடாகிக் கருகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பத்தாம், பதினோராம் வகுப்பு ஓமின் விதியை நினைத்துப் பாருங்கள். தடைக்கட்டி சுமார் 1.5 ஓம். கொயில் சுமார் 1.5 ஓம். மொத்தம் 3 ஓம். 12 வோல்ட்டை 3 ஆல் பிரித்தால் 4 அம்பியர். அந்த 4 அம்பியர் 1.5 ஓம் கட்டியைத் தாண்டும்போது 6 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. கொயிலுக்குக் கிடைப்பது மிச்சம் 6 வோல்ட். கொயிலுக்கு அது போதும், அதற்காகவே செய்த கொயில் அது.

ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பதால் பெட்டரியே 10 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கிவிடும். அப்போது ஸ்பார்க் பலவீனப்படக் கூடாது என்பதற்காக, திறப்பை முறுக்கிப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் இன்னொரு வயர் அந்தத் தடைக்கட்டியைத் தாண்டி நேராகக் கொயிலுக்கு மின் கொடுக்கும். திறப்பை விட்டதும் அந்த வழி மூடி, மறுபடி தடைக்கட்டி வழியாகத்தான் வரும்.

இப்போது கோளாறைத் திரும்பப் பாருங்கள். முறுக்கும்போது கொயில் பிளஸ்ஸில் 10 வோல்ட், ஈசியுவுக்குப் போதும், இஞ்சின் பிடிக்கிறது. விட்டதும் அங்கே வோல்ட் 6க்கும் 12க்கும் நடுவில் நொடிக்குப் பல தடவை ஏறி இறங்குகிறது. ஈசியு உள்ளே 5 வோல்ட்டில் வேலை செய்கிற சாமான். வருகிற வோல்ட் அதற்குக் கிட்ட விழும்போதெல்லாம் அது நின்று மறுபடி தொடங்குகிறது. ரிலேயும் சரியாகப் பிடித்து நிற்காது. பம்ப் நிற்கிறது, இன்ஜெக்டர் நிற்கிறது, வண்டி நிற்கிறது.

பெட்டி எரியவில்லை. அதற்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

திருத்தத்துக்கு என்ன தேவைப்பட்டது? ஒரு ரிலே, ஒரு பியூஸ், கொஞ்சம் வயர். ரிலேயின் 30 பெட்டரி பிளஸ்ஸுக்கு, நடுவில் பியூஸ். 87 ஈசியுவுக்கு. 85 ஏர்த்துக்கு. 86 திறப்பில் இருந்து, அதுவும் தடைக்கட்டிக்கு முன்னால், ஸ்டார்ட் பண்ணும்போதும் ஓடும்போதும் இரண்டு நேரமும் மின் இருக்கிற இடத்தில் இருந்து. ரிலேக்குள் இருக்கிற சுருள் சுமார் 80 ஓம். அதாவது ஐம்பது வருடப் பழைய திறப்புச் சுவிட்ச் சுமக்க வேண்டியது 0.15 அம்பியர் மட்டும். பழைய வயர் கட்டளை மட்டும் கொடுக்கட்டும், சுமையைப் புது வயர் தூக்கட்டும். இவ்வளவுதான் முழு வித்தை.

திறப்பை முறுக்கினேன். பிடித்தது. விட்டேன். நின்று ஓடியது. பிறகு பெட்டியைக் கழற்றி, “எரிந்துபோன” முதல் பெட்டியைப் பூட்டினேன். அதுவும் ஓடியது. இரண்டு பெட்டியும் நல்ல பெட்டி. காக்கா, பொடியனின் உம்மா, பாஸ் மூன்று பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். சாட்சிக்கு அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளி. கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல், பெற்றோல் பம்புக்கு ஈசியுவின் ரிலேயை விட்டுவிட்டு, திறப்பில் இருந்து “டிரெக்ட்” கொடுத்திருந்தார்கள். இது நம் ஊரில் சர்வசாதாரணம். எதுவும் சரிவராவிட்டால் டிரெக்ட். அன்பானவர்களே, ஈசியு பம்பைக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. திறப்பைப் போட்டதும் இரண்டு மூன்று செக்கன் பம்பை ஓட்டிவிட்டு, இஞ்சின் சுற்றவில்லை என்றால் நிறுத்திவிடும். வண்டி எங்காவது மோதி இஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்கும். டிரெக்ட் கொடுத்தால் அது நிற்காது. குழாய் அறுந்து கிடக்கும், திறப்பு ஒன்னில் இருக்கும், 3 பார் பிரஷரில் பெற்றோல் சூடான இஞ்சின் மேல் பீச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே நம் பிள்ளைகள் இருப்பார்கள். கல்முனை வீதியில் மாலை நேரத்தில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. காபரேட்டர் காலத்துப் பழக்கத்தை இன்ஜெக்ஷன் வண்டியில் செய்யாதீர்கள். அந்த டிரெக்ட் வயரை நான் அங்கேயே வெட்டிவிட்டேன்.

இனி, எனக்கு வரப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே பதில்.

“பொடியனும் பிழை செய்தானே ஸேர்?” ஆம், செய்தான். கொயில் பிளஸ்ஸில் இருந்து எடுத்தது பிழைதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் சொன்னபடி செய்தான். சொன்னவர் அவனைவிட முப்பது வருடம் மூத்தவர். வயரில் பிழை என்பது வேறு, பெட்டியை எரித்தான் என்பது வேறு. முதலாவதற்கு அரை மணித்தியால வேலை. இரண்டாவதற்கு இரண்டு மாதச் சம்பளமும், ஊர் முழுக்கக் கெட்ட பெயரும்.

“பாஸ்மார் எத்தனை வருட அனுபவம் தெரியுமா?” தெரியும். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். காதை வைத்துக் கேட்டே காபரேட்டர் டியூன் பண்ணுகிற ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தத் திறமை எனக்குச் சத்தியமாக இல்லை. ஆனால் வோல்ட் காதுக்குக் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. அதற்கு மீட்டர்தான். அதுவும் வேலை நடக்கும்போது, சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அளப்பது, நோன்பு துறந்து சாப்பிட்ட பிறகு பசிக்கிறதா என்று கேட்பது மாதிரி.

“பழைய வண்டிக்கு இன்ஜெக்ஷன் போடவே கூடாது, அதுதான் பாடம்.” இல்லை. இது பாடம் அல்ல, சோம்பல். வண்டியில் பிழை இல்லை, இன்ஜெக்ஷனிலும் பிழை இல்லை. இரண்டையும் இணைத்த ஒரு வயரில்தான் பிழை.

“கண்டுபிடிக்கிற வேலைக்கு யார் ஸேர் காசு தாறாங்க?” இதுதான் நியாயமான கேள்வி, இதைக் கேட்ட கராஜ்காரர் பக்கம் நான் நிற்கிறேன். சாமான் மாற்றினால் பில்லைப் பார்த்துக் கேட்காமல் காசு கொடுக்கிறோம். இரண்டு மணித்தியாலம் மீட்டரோடு நின்று, ஒரு வயரை மட்டும் மாற்றித் தந்தால், “ஒரு வயர்தானே மாத்தின, இதுக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுகிறோம். அப்படியானால் கராஜ்காரர் எதைச் செய்வார்? சாமானைத்தான் மாற்றுவார். நாம்தான் அவரை அப்படிப் பழக்கினோம். இரண்டாவது ஈசியுவுக்கு காக்கா கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்கை, கோளாறைக் கண்டுபிடித்துத் தரும் கூலியாகக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக என் வர்க்கம், ஆசிரியர்கள். இந்தப் பொடியனுக்கு ஓமின் விதியைப் படிப்பித்தது நான்தான். பரீட்சையில் அந்தக் கணக்கைச் சரியாகச் செய்தான். ஆனால் ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது அவன் கையில் மீட்டரைக் கொடுத்தேனா? இல்லை. உடைத்துவிடுவான் என்று அலுமாரியில் பூட்டி வைத்தோம். கணக்கில் 1.5 ஓமைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, கண் முன்னால் இருந்த வெள்ளைக் கட்டி அந்த 1.5 ஓம்தான் என்று தெரியவில்லை. அந்தப் பிழை அவனுடையதல்ல, என்னுடையது.

இனி வேலைக்கு உதவும் விஷயம். பழைய வண்டிக்கு இன்ஜெக்ஷன் பூட்டியவர்கள், பூட்டப்போகிறவர்கள் இதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முறுக்கும்போது பிடித்து, விட்டதும் செத்தால்: ஈசியுவுக்கு மின் தடைக்கட்டிக்குப் பிறகு எடுக்கப்பட்டிருக்கலாம். மேலே சொன்ன கோளாறு.

2. இதற்கு நேர்மாறாக, எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காமல், திறப்பை விடும் நேரத்தில் மட்டும் ஒரு தடவை பிடிக்கப் பார்த்தால்: ரேடியோவுக்குப் போகும் வயரில் இருந்து மின் எடுத்திருக்கலாம். பல வண்டிகளில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்த வயரில் மின் நின்றுவிடும்.

3. திறப்பை ஓப் பண்ணியும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால்: சார்ஜ் லைட்டின் வயர் வழியாக அல்டர்னேட்டரில் இருந்து மின் திரும்பி வருகிறது. அந்த வயரில் ஒரு டயோட் போட்டால் நிற்கும்.

4. குழியில் விழும்போதோ லைட் போடும்போதோ நின்றால்: ஏர்த்தைப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது பெட்டரி மைனஸ்ஸுக்கும் இஞ்சின் இரும்புக்கும் நடுவில் அளவுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயர் சரியில்லை. கடற்கரைப் பக்கம் இருக்கும் நமக்கு இது அதிகம் வரும். உப்புக் காற்று போல்ட்டுக்குக் கீழே புகுந்து துருப்பிடிக்க வைக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். ஈசியுவின் ஏர்த்தை பொடியில் எங்காவது முறுக்கிவிடாமல், நேராகப் பெட்டரிக்கோ இஞ்சின் புளொக்குக்கோ கொண்டு போங்கள்.

5. வேகம் கூடும்போது விக்கினால், லெப்டொப்பில் ஆர்பிஎம் தாறுமாறாகக் குதித்தால்: ஸ்பார்க்கின் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுகிறது. வெறும் செம்புக் கம்பி பிளக் வயர்களை மாற்றி, தடை உள்ள வயரும் தடை உள்ள பிளக்கும் போடுங்கள். சிக்னல் வயரைப் பிளக் வயர்களுக்குப் பக்கத்தில் இழுக்காதீர்கள். பொயின்ட் தேய்ந்து துள்ளினாலும் இதே கோளாறு வரும்.

6. ஒரு வயரில் நல்ல மின் வருகிறதா என்று பார்க்க மீட்டர் மட்டும் போதாது. 21 வொட் சிக்னல் பல்ப் ஒன்றை அந்த வயரில் பூட்டி எரியவிட்டு, எரியும்போது அளவுங்கள். பெட்டரியின் வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அந்த வயர் ஈசியுவுக்கு ஆகாது. பலஸ்ட் வயரில் 2 வோல்ட்டுக்கு மேல் விழும். கடையில் வாங்குகிற ஒரு பல்ப் உங்கள் ஈசியுவைக் காப்பாற்றும்.

7. பெட்டி உண்மையிலேயே எரியும் வழிகளும் இருக்கின்றன. பெட்டரியைத் தலைகீழாகப் பூட்டினால் எரியும். மொரிஸ் மைனர், பழைய ஒஸ்டின் வைத்திருப்பவர்கள் கவனம்: அவற்றில் பல பொசிட்டிவ் ஏர்த், அதாவது பெட்டரியின் பிளஸ்தான் பொடிக்குப் போகும். அதை மாற்றாமல் இன்ஜெக்ஷன் பெட்டியைத் தொடவே வேண்டாம். கொயில் மைனஸ்ஸில் பொயின்ட் திறக்கும் கணத்தில் சில நூறு வோல்ட் எழும்பும். 5 வோல்ட் சென்சர் வயரை அதில் நேராகக் கொடுத்தால் எரியும். பெட்டியைக் கழற்றாமல் வண்டிக்கு வெல்டிங் அடித்தாலும் எரியலாம். இந்த மூன்றில் ஒன்றும் இந்த வண்டியில் நடக்கவில்லை. பார்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது நான் கேட்பது.

கராஜ் முதலாளியிடம்: அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்தை இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கியவர் நீங்கள். ஆனால் வேலை செய்தவனின் கூலி உங்கள் கையில் இருக்கும் அமானிதம். எரியாத பெட்டிக்காக அதைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வொய்ஸ் அனுப்பிய சகோதரரிடம்: அழித்தால் மட்டும் போதாது, அது ஆயிரம் போனில் இருக்கிறது. அதே குழுக்களில், அதே குரலில், “நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், பெட்டி எரியவில்லை” என்று இன்னொரு வொய்ஸ் போடுங்கள். அரை நிமிடம் போதும்.

அதைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பியவர்களிடம்: இந்தப் பதிவையும் அதே ஆட்களுக்கு அனுப்புங்கள். பொய் போன வழியில் உண்மையும் போகட்டும்.

வண்டிக்காரர்களிடம்: அடுத்த தடவை கராஜுக்குப் போனால், “என்ன மாத்தணும்?” என்று கேட்காதீர்கள். “அளந்து பார்த்தீங்களா, எவ்வளவு காட்டிச்சு?” என்று கேளுங்கள். அளந்து சொன்னவருக்கு அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள்.

என்னிடம் நான் கேட்டுக்கொண்டது: அதிபரிடம் பேசி அனுமதி எடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் பாடசாலை ஆய்வுகூடம் திறந்திருக்கும். கராஜில், மின் வேலையில், முச்சக்கர வண்டி திருத்தும் கடையில் நிற்கிற பிள்ளைகள் யாரும் வரலாம். பழைய மாணவர்தான் வர வேண்டும் என்றில்லை. பாஸ்மாரும் வந்தால் சந்தோசம், காபரேட்டர் பற்றி நான் அவர்களிடம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. காசு இல்லை. அலுமாரியில் இருக்கிற ஏழு மீட்டரையும் மேசையில் வைப்பேன். உடைந்தால் உடையட்டும்.

ஒரு கொயில், ஒரு பலஸ்ட் கட்டி, ஒரு பெட்டரி கொண்டு வருகிறேன். 12.4 எப்படி 6.1 ஆகிறது என்று காட்டிக் கொடுக்கப்போவது நானல்ல. அந்தப் பொடியன்தான். சம்மதித்திருக்கிறான்.